ரசமட்டம்

முன்பக்க ஜாக்குக்கு அடியில்
மூன்று பலகை வைத்தான் ஈரோ.
நாலு வேண்டும் என்றேன்.
மழை பிடித்துவிட்டது, இருட்டிவிட்டது,
மேக்கினா பாலம் தாண்டியதிலிருந்து
பின்சீட்டில் மார்னி அழுதுகொண்டே வருகிறாள்.
மூன்று போதும் என்றான்.
அந்த நேரத்தில் அதுதான் விஞ்ஞானம்.

பதினெட்டு அடி நீள டிரெய்லர்.
நாங்கள் வாங்குவதற்கு முன்பு இருந்தவரின்
சிகரெட் வாசம் திரைச்சீலையில் இன்னும் குடியிருக்கிறது.
தண்ணீர்த் தொட்டி முக்கால் என்று காட்டும் விளக்கு
நிரப்பினாலும் முக்கால் என்றே காட்டும்,
காலியானாலும் முக்கால்.
குழந்தைக்கென்று மடக்குக் கட்டில் கொண்டுவந்தோம்.
அதை விரித்தால் கதவு திறக்காது.
கதவு திறந்தால் அது விரியாது.
கடைசியில் சாப்பாட்டு மேசையை இறக்கி,
மெத்தை பரப்பி,
அவளை நடுவில் விட்டு
இரண்டு பக்கமும் வரப்பு போல் நாங்கள் படுத்தோம்.
விடியும்போது மூவரும்
முன்சுவரோரம் சரிந்து ஒரே குவியல்.

ஹீட்டர் டிக், டிக் என்று யோசித்துவிட்டுப்
புஸ்ஸென்று பற்றும்.
ஒவ்வொரு புஸ்ஸுக்கும் அவள் விழிப்பாள்.
விழித்தால் சிரிப்பாள், அதுதான் கொடுமை.
இரவு இரண்டு மணிக்கு
கரடி திறக்க முடியாத இரும்புத் தொட்டியில்
டயப்பரைப் போட
என் ரெயின்கோட்டில் கை நுழையாமல்
நனைந்துகொண்டே போனான் ஈரோ.
திரும்பி வந்தவன் சொன்னான்:
"கரடி என்ன, என்னாலேயே திறக்க முடியவில்லை."

சுப்பீரியர் ஏரி அந்தப் பக்கம்தான் எங்கோ இருந்தது.
இரண்டு நாளாய் நாங்கள் பார்த்தது
ஜன்னலில் வழியும் தண்ணீர்தான்.

மார்னிக்குப் பதினைந்து மாதம்.
நிற்பாள். பிடித்துக்கொண்டு நகர்வாள்.
விட மாட்டாள்.
ஈரோவின் அக்கா மகன் பத்தாவது மாதத்தில் ஓடினானாம்,
வீடியோ அனுப்பியிருக்கிறாள்.
டாக்டர் பொறுங்கள் என்கிறார்.
பொறுத்துத்தான் இருக்கிறோம்,
ஆனால் இரவில், ஹீட்டர் யோசிக்கும்போது,
நானும் யோசிப்பேன்.

மூன்றாம் நாள் காலை மழை விட்டது.
ஈரோ வெளியே கையுறை போட்டுக் கழிவுநீர்க் குழாயோடு
மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.
நான் முன்பக்க மெத்தை விளிம்பில்.
அவள் பின்கோடியில் ஃப்ரிட்ஜ் கைப்பிடியைப் பற்றியபடி.
மேடையிலிருந்து ஒரு ஆரஞ்சு விழுந்து
தரைச்சரிவில் என்னை நோக்கி உருளத் தொடங்கியது,
அவசரமில்லாமல், வழி தெரிந்தது போல.

விட்டாள்.
ஆரஞ்சுக்காகத்தான் விட்டாள், எனக்காக இல்லை.
ஒன்று.
உடம்பு முன்னால் போய்விட்டது,
கால் பின்னாலேயே ஓடிவந்து தாங்கியது.
இரண்டு, மூன்று,
விழவேண்டியவள் விழ நேரமில்லாமல்
நாலு, ஐந்து.
என் முட்டியில் நெற்றி முட்டி நின்றாள்.

கத்தினேன். ஈரோ ஓடிவந்தான்,
கையுறையோடு, குழாயோடு, அந்த நாற்றத்தோடு.
இன்னொரு முறை காட்டு என்று கெஞ்சினான்.
அவள் உட்கார்ந்து
ஆரஞ்சை நக்கிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எதிர் மனையிலிருந்து டுஷேன் வந்தார்,
ரயில்வேயில் தண்டவாளம் போட்டு ஓய்வு பெற்றவர்.
ஒரு கையில் ரசமட்டம், மறு கையில் பலகை.
"உங்கள் மூக்கு தாழ்ந்திருக்கிறது.
மூன்று நாளாகப் பார்க்கிறேன்,
தூக்கம் வரவில்லை எனக்கு."
மட்டத்தைத் தரையில் வைத்தார்.
குமிழி ஒரே ஓட்டமாய்ப் பின்கோடிக்கு ஓடியது.
"இதோ, ஒரே ஒரு பலகை."

"வேண்டாம்" என்றோம்,
இருவரும் ஒரே குரலில்,
கல்யாணமாகி ஆறு வருடத்தில் முதல்முறையாக.

மனிதர் எங்களைப் பார்த்தார்.
குமிழியைப் பார்த்தார்.
பைத்தியங்களோடு பேச்சு வைக்காமல்
பலகையை மட்டும் படிக்கட்டருகில் சாத்திவிட்டுப் போனார்.

இப்போது வீடு வந்து நாலு நாள்.
அடுப்படித் தரை, கூடத்துத் தரை, எல்லாம்
எந்தக் குமிழியும் அசையாத நேர்மட்டம்.
நடுவில் தனியாக நிற்கிறாள் மார்னி,
கொஞ்சம் முன்னால் சாய்ந்து,
தரை தள்ளிவிடும் என்று காத்துக்கொண்டு.

ஈரோ கடைக்குப் போயிருக்கிறான்,
ஆரஞ்சு வாங்க.