யானையின் பின்கால்கள்

ஆடி மாதம். முகூர்த்தம் கிடையாது.
காவேரிப்பட்டணத்து மண்டபக்காரர்
பாதி வாடகைக்குக் கொடுத்தார்,
மாப்பிள்ளை பெண் நாற்காலி இரண்டை மட்டும்
அறையில் வைத்துப் பூட்டிவிட்டு.

ஐந்நூறு நாற்காலி. இருபத்துமூன்று பேர்.
அதில் இரண்டு பேர் மின்விசிறிக்காக வந்தவர்கள்.

நாடகம், கடனில் மூழ்கும் ஒரு சர்க்கஸைப் பற்றி.
முதலாளி வேடம் சம்பங்கி.
கிரானைட் பட்டறையில் பாலீஷ் போடுகிறவர்.
வசனம்தான் எழுதிக் கொடுத்தது,
இருமல் அவருடைய சொந்தம்.
கிழிந்த கூடாரத்தைக் காட்டி,
"ஓட்டை இல்லடா, நட்சத்திரம் உள்ள வர்ற வழி" என்பார்.
ஒத்திகையில் நாங்கள் அழுத இடம்.
இன்றைக்கு யாரோ கொட்டாவி விட்ட இடம்.

நான் யானை.
சரியாகச் சொன்னால்
யானையின் பின்பாதி.
துதிக்கை, தந்தம், காது, மரியாதை
எல்லாம் முன்பாதி திம்மராயனுக்கு.
எனக்கு இரண்டு கால், ஒரு வால்.
வால், பழைய மொபெட்டின் கிளட்ச் கேபிள்.

புளி மண்டிச் சாக்கில் தைத்த தோல்.
உள்ளே குனிந்தால் எச்சில் ஊறும்.
கையிலோ, சீசன் முடிந்தும் விட்டுப்போகாத
பெங்களூரா மாங்கூழ் வாடை.
ஊறுகாய் ஜாடிக்குள் நிற்கிற யானை நான்.

அந்த இருட்டில் எனக்குத் தெரிவது
திம்மராயனின் குதிகால் வெடிப்பு மட்டுமே.
அது போகிற பக்கம் நான் போகவேண்டும்.
இதைவிடச் சுலபமான வேலை
எந்த ஃபாக்டரியிலும் கிடைக்காது.

இடைவேளையில் போன் வந்தது.
ஓசூர் கம்பெனி. இரவு ஷிப்டுக்கு ஆள் போதவில்லை.
போகாவிட்டால் காண்ட்ராக்டர் பேரை அடித்துவிடுவான்.
ஏழே முக்கால் பஸ்.
"பின்காலு, மன்னிச்சுக்கோ" என்றான்
சட்டையைத் தலைவழியே இறக்கிக்கொண்டு.
ஆறு மாதமாக என் பேர் அதுதான்.

திரை விலகிவிட்டது.
முதலாளி யானையை விற்றுப் பத்திரம் எழுதும் காட்சி.
முன்பாதி, காற்றுப்போன பையாகத் தரையில்.
பக்கத் திரைக்குப் பின்னால்
இடுப்புவரை யானையாக நின்றிருந்தேன்.
பாதி யானையை யார் வாங்குவார்கள்?
வாங்கினாலும் எந்தப் பாதியைக் கேட்பார்கள்?

சாக்கு எழும்பியது.
குதிகால் இருந்த இடத்தில்
ஒரு ஜோடி கொலுசு.

நாகரத்னா. பார் ஆடுகிறவளாக நடித்தவள்.
நாடகப்படி, சம்பளம் வராத கோபத்தில்
முதல் பாதியிலேயே பெட்டியோடு போய்விட்டவள்.
திரும்பி வந்ததாக எந்தப் பக்கத்திலும் எழுதியில்லை.

நடந்தோம்.
இடதுகால் முதலில் என்று அவளுக்குத் தெரியாது.
தெரியாதவள் பின்னால் எப்படிப் போவதென்று
எனக்குத் தெரியாது.
யானை நொண்டியது.
கிலுங் கிலுங்கென்று நொண்டியது.
"யானைக்கு வயசாயிடுச்சுப்பா" என்றான் ஒரு பையன்.
"உஸ்" என்றது ஒரு குரல்.
மின்விசிறிக்காக வந்தவர்களில் ஒருவருடையது அது,
பிறகுதான் தெரிந்தது.

சம்பங்கி பேனாவைத் திறந்தார்.
இங்கே யானை தலைகுனிய வேண்டும்,
கையெழுத்தாக வேண்டும், விளக்கணைய வேண்டும்.
நாகரத்னாவுக்கு அது தெரியாது.
அல்லது தெரியும்.
அவள் முதுகு நிமிர்ந்ததை வைத்துத்தான்
துதிக்கை மேலே போனதை அறிந்தேன்.

வசனம் வரவில்லை சம்பங்கிக்கு.
இருமினார்.
பேனாவை மூடினார்.
"சரி... நாளைக்கு ஒரு ஷோ பாத்துடலாம்."
அது யாரும் எழுதிக் கொடுத்ததல்ல.

வசூல் ஆயிரத்து இருபத்தைந்து,
பையனின் அரை டிக்கெட்டையும் சேர்த்து.
வாடகை நாலாயிரம்.
நாற்காலிகளைப் பத்துப் பத்தாக அடுக்கினோம்.

பதினொன்றரைக்குத் திம்மராயன் கூப்பிட்டான்.
பின்னால் மெஷின் இரைச்சல்.
"வித்துட்டாங்களா நம்மள?"
"இல்ல."
கொஞ்சநேரம் மெஷின் மட்டும் பேசியது.
"முன்னால யாரு?"

சொல்வதற்குள் டவர் போய்விட்டது.
பூட்டிய மண்டபத்து வாசலில்
இடுப்பை நிமிர்த்தப் பார்த்தேன்.
பெல்ட்டில்
வால் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.