ஒன்பது புள்ளி

விவரத்தாள் நாலு வரியில் முடிந்துவிடும்:
எடை நானூறு கிலோ. உயரம் ஐந்நூற்றைம்பது கிலோமீட்டர்.
தொண்ணூற்றாறு நிமிடத்துக்கு ஒரு சுற்று.
படத்தில் ஒரு புள்ளி என்றால் தரையில் ஒரு மீட்டர்.

அதாவது, மேலிருந்து பார்த்தால்
உங்கள் தோள் ஒரு புள்ளியை நிரப்பாது.
புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் பைசல் சொல்வான்:
"கார் தெரியும். ஓட்டுகிறவர் தெரியமாட்டார்.
நிம்மதியாகத் தூங்கு."

நாளுக்குப் பதினான்கு முறை நம் வானத்தைக் கடந்தது.
பாதி, இரவில். வெளிச்சத்தை நம்பிய கண் அது.
மீதிக்கு மேகம்.
ஏழு வருடத்தில் ஈசூனை முழுசாகப் பார்த்தது
நான்கே தடவை.
அதில் ஒன்றில் என் புளோக்கின் தண்ணீர்த் தொட்டியும்
யாரோ தப்பாக நிறுத்திய வெள்ளை லாரியும்.

இரண்டாம் வருடமே
உணர்வியில் ஒரு வரிசை செத்துப்போயிற்று.
அதற்குப்பின் எல்லாப் படத்திலும்
வகிடு எடுத்தாற்போல் ஒரு கறுப்புக் கோடு.
கடல் என்றாலும் காடு என்றாலும் வகிடு.
பழகிவிட்டது.

பிறகு ஒரு டிசம்பரில் தாள் வந்தது:
மரப்படகு, ஒன்பது மீட்டர், ஆறு பேர்.
ஒன்பது புள்ளி நீளம், இரண்டு புள்ளி அகலம்.
மூன்று நாள் அந்தப் பதினெட்டுப் புள்ளிகளைத் தேடினேன்.
நுரைக்கிற அலையெல்லாம் படகாயிற்று.
ஒரு படத்தில் ஏதோ இருந்தது,
நான்கு புள்ளி, ஐந்து இருக்கலாம்,
மிச்சத்தின் மேல் வகிடு.
'உறுதியில்லை' என்று எழுதினேன்.
அடுத்த சுற்றில் மேகம்.
அதற்கடுத்ததிலும்.

இன்று அதிகாலை மூன்று நாற்பதுக்கு
மிச்ச எரிபொருளை வெளியே விட்டோம்.
மின்கலத்தைக் காலியாக்கினோம்.
கடைசிக் கட்டளை, பேச்சை நிறுத்தச் சொல்வது.
வெய் லிங் உரக்க வாசித்தாள், நான் அழுத்தினேன்.
மற்றக் கட்டளைகளுக்கெல்லாம் 'பெற்றேன்' என்று பதில் வரும்.
இதற்கு வராது.
வராவிட்டால்தான் வேலை நடந்ததாக அர்த்தம்.
இருபது நிமிடம் காத்திருந்தோம், வராததற்காக.

காலையில் ஜூரோங் காப்பிக்கடையில் தே ஓ.
பக்கத்து மேசையில் நாலு நம்பர் லாட்டரிச் சண்டை.
வானத்தில் மருந்துக்கும் மேகமில்லை.
ஒன்பது பன்னிரண்டுக்கு அது மேலே போகும்,
இன்னும் பல வருடம் போகும், கண் திறந்தபடியே.
கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது எட்டு.

பணம் கொடுத்துவிட்டு
கூரைக்கு வெளியே போய் நின்றேன்,
ஒரு புள்ளிக்கும் குறைவாக.