ஒட்டுத்தாள் மாறிய முந்நூறு

ஷ்ரீவ்போர்ட்டில், டயர் கடைக்குப் பின்னால்
சுவரெல்லாம் மெத்தையை ஆணியடித்து
ஹோசியா பெட்டிஃபோர்ட் தொடங்கிய கம்பெனி.
தேவனுக்கு நீலத் தாள்.
மற்றதற்கெல்லாம் சிவப்பு.
காரின் டிக்கிதான் கிடங்கு,
முடிதிருத்துபவரும் சவப்பெட்டிக்காரரும் ஏஜென்ட்டுகள்.

ஆர்டெல் ஸ்டக்கிக்கு இரண்டு நிறத்திலும் பாட்டு உண்டு;
சிவப்பில் மட்டும் வேறு பெயர்.
ஐந்தே முக்கால் சரக்கு ரயிலுக்கு முன்
பாடி முடித்துவிட வேண்டும்.
முடிக்காத ஒரு நாள்
ரயிலும் தட்டில் ஏறிக்கொண்டது, டிக்கெட் இல்லாமல்.

ஐம்பத்து நான்கில்
ஆலைக்காரன் தூக்கக் கலக்கத்தில்
'தாழ்ப்பாள் போடவில்லை, வா' என்ற பாட்டுக்கு
நீலத் தாளை ஒட்டி அனுப்பினான்.
முந்நூறு தட்டு.
பெட்டி பிரிக்காமலே சபைகளுக்குப் போய்விட்டது.

பெட்டிஃபோர்ட் மூன்று வாரம் போனை எடுக்கவில்லை.
மனைவி ஐலா எடுத்து, "ராங் நம்பர்" என்றாள்.
ஆர்டெல் ஆராதனையில்
கடைசி பெஞ்சுக்கு மாறிக்கொண்டாள்,
ஓடுவதற்கு வாகாக.

திரும்பி வந்தவை நான்கு.
நான்கும் வழியில் உடைந்தவை.
பிறகு மின்டனிலிருந்து, ஒரு மூப்பரின் மனைவி எழுதினாள்:
"இயேசுவின் பெயர் எங்கே வருகிறதென்று
ஏழு முறை போட்டுத் தேடினேன்.
எட்டாவது முறை தேடவில்லை.
இன்னும் இரண்டு அனுப்பவும்."
கூடவே இரண்டு டாலர்,
இஸ்திரி போட்டதுபோல.

கணக்கு நோட்டில் நீலப் பத்தி ஒன்று, சிவப்புப் பத்தி ஒன்று.
பென்சில் முனையை நாக்கில் நனைத்தபடி
வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.
ரயில் வந்தது, போனது.

கடைசியில் அந்த இரண்டு டாலரை
டயர் கணக்கில் எழுதினார்.