இரண்டு வாசல்

துரைப்பாக்கம், நான்காவது மாடி.
காதில் ஹெட்செட்.
திரையில் சென்னையின் ஆயிரத்துச் சொச்சம் மண்டபங்கள்,
எல்லாம் காலியாக.
ஆளில்லாத நேரத்தில்தான் படம் எடுப்பார் டேவிட் கருணாகரன்.
அவர் லென்ஸில் முந்நூறு நாற்காலி அறுநூறாகும்.
நடுத்தூண் எப்போதும்
படத்துக்கு வெளியே ஒதுங்கி நிற்கும்.

ஆடி மாதம். போன் அடிப்பதே அபூர்வம்.
'பாதி விலை' என்ற பட்டை
திரையின் நெற்றியில் ஓடிக்கொண்டிருந்தபோது
வந்தது அந்த அழைப்பு.

பெயர் தனகோட்டி. ஓட்டேரி.
"நாப்பது பேரு. ஞாயித்துக்கெழம, பத்துலருந்து ரெண்டு.
ஆடில எவனும் நல்லது பண்ண மாட்டான்,
ஹால் கெடைக்கும்ல?"

என்ன விசேஷம் சார்?

கேட்டே ஆக வேண்டும்.
அந்தக் கட்டம் நிரம்பாமல் அடுத்த பக்கம் திறக்காது.
திருமணம், வரவேற்பு, வளைகாப்பு, காதணி விழா,
அறுபதாம் கல்யாணம், கம்பெனி மீட்டிங்.

"விசேஷம்லாம் இல்லம்மா.
அப்பா வீட்டப் பிரிக்கணும்.
அண்ணன் என் வாசப்படி மிதிக்க மாட்டாரு.
தங்கச்சி வீட்டுக்கு நான் போவ மாட்டேன்.
கோர்ட்டுக்குப் போனா
நானூத்தி எண்பது சதுர அடியும்
வக்கீலுக்கே பத்தாது.
பொதுவா ஒரு எடம் வேணும்."

'மற்றவை' என்று அழுத்தினேன்.

ஏசி? வேண்டாம்.
மேடை? சிரித்தார். "யாரு ஏறுறது?"
சாப்பாடு?
கொஞ்ச நேரம் பதிலில்லை.
"சைவமே போடுங்க. பிரியாணி போட்டா
சந்தோஷத்துக்குக் கூப்ட்டேன்னு நெனச்சிருவாங்க."

பிறகு குரல் இறங்கியது.
"ரெண்டு வாசல் இருக்குமா?
வர்றப்பப் பரவால்ல.
போறப்ப மூஞ்சி பாக்க முடியாம ஆயிருச்சுன்னா..."

எங்களிடம் இருபத்து மூன்று ஃபில்டர்கள்.
ஜெனரேட்டர் உண்டா, மணமகள் அறை உண்டா,
வெளிச் சமையல்காரர் வரலாமா,
மெட்ரோவிலிருந்து எத்தனை நிமிடம்.
வாசலை எண்ண ஒன்றும் இல்லை.

டீ ஆறிக்கொண்டிருக்க
படம் படமாகப் பெரிதாக்கிக் கதவு தேடினேன்.
கொளத்தூரில் கதவென்று நினைத்தது கண்ணாடி.
பெரம்பூரில் இருந்தது, ஆனால் சமையற்கட்டு வழியாக.
கோபத்தில் வருகிறவர் அண்டாவில் இடித்துக்கொள்வார்.
வில்லிவாக்கத்தில், முதல் மாடி மினி ஹாலில்,
கைகழுவும் தொட்டிகளுக்குப் பின்னால்,
டேவிட் வெட்ட மறந்த ஓரத்தில்
ஒரு நீலக் கதவு.
முழுக் கதவுகூட இல்லை. தாழ்ப்பாள் பக்கம் மட்டும்.

ஓனருக்குப் போன் போட்டேன்.
"பின்னாடி இரும்புப் படி இருக்கும்மா, யாரும் யூஸ் பண்றதில்ல.
ஏன், ஃபயர் டிபார்ட்மெண்டா நீங்க?"

அட்வான்ஸ் மூவாயிரம்.
மூன்று எண்களிலிருந்து வந்தது,
ஒரே நிமிடத்துக்குள்.
இரண்டு பேர் ஆயிரம், ஆயிரம்.
தங்கை மட்டும் ஆயிரத்தொன்று,
மொய் எழுதிய கைப்பழக்கம் போல.

அந்த ஞாயிறு எனக்கு விடுமுறை.
துணி துவைத்தேன். பத்து மணிக்கு ஒருமுறை,
ரெண்டு மணிக்கு ஒருமுறை
காரணமில்லாமல் கடிகாரம் பார்த்தேன்.

திங்களன்று வந்தது மதிப்புரை.
ஐந்தில் மூன்று நட்சத்திரம்.

"ஃபேன் சத்தம் ஜாஸ்தி. சாம்பார் நல்லா இருந்தது.
பின் வாசல் பூட்டி இருந்தது. சாவி யார்கிட்டயும் இல்லை.
எல்லாரும் ஒரே படியில் இறங்கினோம்."

இது புகாரா, பாராட்டா,
எந்தப் பக்கம் சேர்ப்பது என்று
டீம் லீடர் சௌந்தர்யா கேட்டாள்.
மூன்று முறை படித்தேன்.
கடைசி வரியில் ஆச்சரியக்குறி இல்லை,
ஸ்மைலி இல்லை,
வெறும் முற்றுப்புள்ளி.

வீடு யாருக்குப் போனதென்று
எங்கள் செயலியில் பார்க்க முடியாது.

கணக்குப் பிரிவிலிருந்து மட்டும்
தினமும் ஒரு மெயில் வருகிறது:
வில்லிவாக்கம் புக்கிங்கில் ஒரு ரூபாய் அதிகம்,
யாருக்குத் திருப்பி அனுப்புவது?