நுரைக் கழிவு

கனகேஸ்வரி அக்கா கொம்பியூட்டரை
உரப்பையில் சுற்றி
ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில் நிறுத்திக் கொண்டுவந்தா.
மல்லாவிப் பால் சங்கத்தின் கணக்கு முழுக்க
அதற்குள்ளேதான்.
"எழும்ப இருபது நிமிசம் எடுக்குது, தங்கச்சி.
அதுக்குள்ள பால் திரைஞ்சு போடும்."

மூடியைக் கழற்றினேன்.
செம்மண் தூசி. பல்லி முட்டைக் கோது இரண்டு.
காற்றாடியில் சுற்றிக் கிடந்த, யாரோ ஒருத்தியின் நீள மயிர்.
தாய்ப்பலகையில் இரண்டு பள்ளம்:
ஒன்றில் ஒரு ஜிபி,
மற்றது பதின்மூன்று வருசமாய் வெறும் வாய்.

அக்கா கைப்பையில் இருந்து
லொத்தர் சீட்டில் மடித்த ஒன்றை எடுத்தா.
வவுனியாவில் வாங்கினதாம், பழசு, மலிவு.
டிடிஆர் மூன்று.
இதுவோ இரண்டு கேட்கிற பலகை.
நீளம் ஒன்றுதான், கால்களும் அதே இருநூற்றி நாற்பது,
வெட்டு மட்டும் ஒரு நகக்கண் தள்ளி.
"மச்சான் ஒருக்கா அமத்திப் பாத்தவர்."
அமத்தினது தெரிந்தது.
பள்ளத்தின் ஓரம் வெளுத்திருந்தது.

கடை திறந்த வருசம் வாசலில்
'இங்கு நினைவகம் கூட்டித் தரப்படும்'
என்று எழுதுவித்திருந்தேன்.
மூன்றாம் நாள் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர்.
யாருக்கு நினைவகம்? எங்கே கட்டுகிறாய்? காசு யார் தருவது?
பச்சைத் தகட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.
இதுக்குள்ள என்ன இருக்கு?
ஒன்றுமில்லை ஐயா,
கரண்ட் போனால் எல்லாம் மறந்துவிடும்.
அது அவர்களுக்குப் பிடித்துக்கொண்டது.
தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

பலகையை அழித்து 'ராம்' என்று மாற்றினேன்.
அடுத்த கிழமை துணுக்காயில் இருந்து ஒருவர்
பஜனை எத்தினை மணிக்கு என்று கேட்டு வந்தார்.

சரி, அக்காவின் பெட்டிக்கு வருவோம்.
என்னிடம் நான்கு ஜிபித் தகடு ஒன்று கிடந்தது,
டிடிஆர் இரண்டுதான், வெட்டும் சரி,
கிளிப் இரண்டும் டக்கென்று பூட்டின.
மூன்று நீளக் கூவல். கறுப்புத் திரை.
திரும்பவும் மூன்று.
அது ஏஎம்டி பலகைக்கென்றே செய்த தகடு;
இன்டெல் வீட்டில் வாய் திறக்காது.
பொருந்துவது வேறு, பேசுவது வேறு.
இதை அக்காவுக்கு விளக்கப் போய்
பாதியில் விட்டேன். அவவுக்கு இரண்டு மருமக்கள்.

கொக்காவிலில் பூட்டின ஒரு கொமினிகேசன் கடையின்
செத்த பெட்டிகள் ஐந்து பின்னறையில் அடுக்கிக் கிடந்தன.
நான்காவதைத் திறக்க, ஒரு ஜிபி,
வேகம் எண்ணூறு என்று ஒட்டியிருந்தது.
அக்காவினது அறுநூற்றி அறுபத்தேழு.
பரவாயில்லை,
ஓடக்கூடியது நடக்கிறதின் காலுக்குத் தன்னை இறக்கிக்கொள்ளும்.
மகனின் அழிறப்பரால் தங்கக் கால்களைத் தேய்த்தேன்,
கறுப்பு உருண்டு உருண்டு வந்தது.
இரண்டு பக்கமும் சமமாய் அமத்த
ஒரே ஒரு சின்னக் கூவல்.
எழும்பிட்டுது.

திரையில் எண் வந்தது: இரண்டாயிரத்துப் பதினாறு.
அக்கா கண்ணாடியை மூக்கில் ஏற்றினா.
"ஒன்று ஆயிரத்து இருபத்து நாலெண்டு சொன்னனீர்.
ரெண்டுக்கும் ரெண்டாயிரத்து நாப்பத்தெட்டு வரவேணும்.
மிச்சம் முப்பத்திரண்டு எங்கே?"

படம் காட்டுகிற சில்லுக்குத் தனி நினைவு இல்லை,
அது இதில் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும் என்றேன்.
விளங்கவில்லை.
"விடிய பால் அளக்கேக்க
நுரைக்கெண்டு கழிப்பியள் எல்லே அக்கா, அது மாதிரி."

சிரிப்பா என்று பார்த்தேன்.
கொப்பியை விரித்து,
ஒரு ஜிபி, பழசு, அறுநூறு ரூபா,
நுரை முப்பத்திரண்டு
என்று எழுதி,
கையெழுத்துப் போடச் சொல்லி
பேனையை நீட்டினா.