இடம் தவறிய துகள்

பாயான் லெப்பாஸில் இரவு ஷிஃப்ட்.
நுண்ணோக்கிக்கு அடியில்
நகத்தளவுச் சில்லு ஒன்று
ஊர் போல விரிந்து கிடக்கும்.
இருக்க வேண்டிய இடத்தை விட்டு
ஒரு பொட்டு உலோகம் தள்ளி இருந்தாலும்
எண், மூலை, அளவு, நேரம் குறித்து
சிவப்புப் பெட்டியில் போட வேண்டும்.
பதினொரு வருஷம்.
என் கண்ணுக்குத் தப்பியது குறைவு.

என் வயிற்றுக்குள் நடந்தது மட்டும்
ஏழு டாக்டர் கண்ணுக்கும் தப்பியது.

மேசை விளிம்பில் அடிவயிற்றைக் கொடுத்து அழுத்தியபடி
சில்லுகளை எண்ணிய இரவுகள்.
"எம்சி லாகி கா?" என்பார் மிஸ்டர் கூ.
"எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதானே" என்றாள் அம்மா
போனில், மீன் பொரியும் சத்தத்துக்கு நடுவே.
தண்ணீர்மலையில் பூசத்தன்று
தேங்காய்ச் சில்லுகளுக்குள் கால் தேடி நடக்கையில்
யாரோ ஓர் அத்தை காதருகில் வந்து
"இன்னும் விசேஷம் ஒண்ணுமில்லையா?"
விசேஷம்தான் அத்தை.
நிற்க முடியவில்லை, அதுதான் விசேஷம்.

கடைசியில் தொழிலைத்தான் நம்பினேன்.
மளிகைக்கடை கொடுத்த காலண்டரில்
உடம்பைப் பரிசோதனைத் தாள் ஆக்கினேன்.
பன்னிரண்டு: வலது கீழ். கத்தி மாதிரி. விடிகாலை மூன்று.
பதினான்கு: முதுகு. கழிவறையில் உட்கார முடியவில்லை.
இருபது: தவனேசன் தொட்டபோது. அவரிடம் சொல்லவில்லை.

எட்டாவது டாக்டர், பெரியாஸ்பத்திரியில்,
ஆறு மாதத் தாளையும் பேசாமல் புரட்டினார்.
பிறகு ஸ்கேன், காத்திருப்பு, மறுபடி ஸ்கேன்.
என் கார்டின் பின்புறம்
பேரிக்காய் மாதிரி ஒன்று வரைந்தார்.
"இதன் உள்சுவர்ச் சதை போல ஒன்று
வெளியே ஒட்டி வளர்கிறது.
சூலகத்தில். குடலின் மேலும்.
மாதாமாதம் அதுவும் கசியும்.
வெளியேற வழி கிடையாது."
இடம் தவறிய துகள், என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.
எனக்கு முதல் தடவையாகப் புரிந்தது.

அப்புறம் வந்தன இலைகளும் வேர்களும்.
நோர்ஹயாத்தி கொண்டுவந்த ஜாமு பாட்டில்,
கெம்பல் ஸ்திரீட் மருந்துக்கடையின் கறுத்த கஷாயம்,
அம்மா அனுப்பிய பெருங்காயம், மன்னிப்பு மாதிரி.
சிலதைக் குடித்தேன்.
சிலதை ஆர்க்கிட் செடிக்கு ஊற்றினேன்;
செடி பிழைத்துக்கொண்டது.
இஞ்சித் தண்ணீர் குமட்டலைக் கொஞ்சம் அடக்கியது.
கர்னி கடலோரம் மெல்ல நடந்த நாட்களில்
முதுகின் முடிச்சு இளகியது.
தே தாரிக்கை விட்டதில் எதுவும் மாறவில்லை,
கோபம்தான் கூடியது.
டாக்டர் சொன்னார்:
"இஞ்சி நல்லதுதான், குடிங்க.
ஆனா அந்தச் சதையோட முகவரி இஞ்சிக்குத் தெரியாது."
ஆகவே மாத்திரையும் உண்டு.
ஆபரேஷனுக்கு இன்னும் நான்கு மாதம்.

இத்தனையிலும்
ஒழுங்காக வேலைக்கு வருவது ஒரு காலுறை.
தவனேசனுடையது, ஜோடி தொலைந்தது.
காலண்டரை ஒரு நாள் அவரே எடுத்துப் பார்த்துவிட்டு
இருபதாம் தேதியில் வெகுநேரம் நின்றார்.
மறுநாள் காலுறையில் பச்சரிசி நிரப்பி
பஸ் சீட்டு தைக்கிற நூலால் வாயைத் தைத்தார்.
கேண்டீன் மைக்ரோவேவில் இரண்டு நிமிடம்.
சோறு வேகும் வாசனை.
வரிசையில் நிற்கிற பங்களாதேஷ் பையன்களுக்குப்
பசி வந்துவிடுகிறது.

இன்றிரவு மிஸ்டர் கூ
என் பாரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.
"எண்டோ..."
மெட்ரியோசிஸ், என்றேன்.
திரும்பச் சொல்ல வைத்தேன்.
இரண்டு முறை, சத்தமாக,
முழு லைனும் கேட்க.

மணி மூன்று.
இந்த அறைக்குள் அரிசி வரக் கூடாது.
வெள்ளைக் கோட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன்,
இன்னும் சூடாகத்தான் இருக்கிறது.
அடுத்த சில்லு.