கழிவு

பதினேழு வருடமாய் எனக்கு வேலை
லோரிகளைச் சந்தேகிப்பது.

நிறையோடு ஒருமுறை மேடை ஏறும்,
காலியாக ஒருமுறை.
இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் பழம்.
அதிலும் காய் கலந்திருந்தால் கழிவு,
ஈரம் இருந்தால் கழிவு,
காம்பு நீளமென்றால் கழிவு.
பகாவ் செம்பனை ஆலையின் எடைமேடையில்
கழிக்கத் தெரியாதவனுக்குச் சம்பளம் இல்லை.

அதனால் அந்தக் கடிதம்
முதல் வாசிப்பிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

புஷ்பலீலாவின் முதுகில்
நாலாவதற்கும் ஐந்தாவதற்கும் இடையே
ஒரு வட்டு நழுவி நரம்பை மிதிக்கிறது.
சிரம்பானில் டாக்டர் இயோ
பேனா மூடியால் படத்தைத் தொட்டுக் காட்டினார்.
சின்ன வேலைதான், மூன்று நாள் தங்கினால் போதும்.
கீழே கல்லாவில் இருந்த பெண்
முப்பத்தெட்டாயிரத்து நானூறு வெள்ளி என்றாள்,
தேத்தண்ணீர் விலை சொல்வதுபோல.
"கார்டு இருக்கா அங்கிள்?"

இருந்தது.
நூற்றிருபது வெள்ளியில் தொடங்கிப் பதினான்கு வருடம்.
போன வருடம்தான் ஜீவரத்தினம்
பெரிய கார்டுக்கு மாற்றிவிட்டார்,
இப்போது முந்நூற்றுப் பத்து.
எங்கள் தாமானில் மூன்றாவது வீடு.
அவர் மகள் கல்யாணத்தில்
மோர் வாளி தூக்கியவன் நான்.

உத்தரவாதக் கடிதம் வரும், காத்திருங்கள் என்றார்கள்.
காலை எட்டிலிருந்து மாலை நாலே கால் வரை
உட்கார முடியாமல்
சுவரில் சாய்ந்து நின்றாள்.
மீன்தொட்டியைப் பார்த்து
"இதுங்களுக்கு முதுகு வலிக்காதுல்ல" என்றாள்.

வந்தது வேறு கடிதம்.

பதினாறு வருடங்களுக்கு முன்
தோட்டத்துக் கிளினிக்கில் ஒருநாள்
இடுப்பு வலி என்று சொல்லியிருக்கிறாள்.
யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள்.
ஆறு மஞ்சள் மாத்திரை, ஒரு தைலம்.
தோட்டம் இன்று வீடமைப்புத் திட்டம்,
கிளினிக் இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள்.
அந்த நோட்டு மட்டும்
எப்படியோ அவர்கள் மேசைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

முன்பே இருந்த நிலையாம்.
வெளிப்படுத்தத் தவறினோமாம்.
உதிரிப்பழம் பொறுக்கியவள்
இடுப்பு வலிக்கவில்லை என்றிருந்தால்
அதுவல்லவா பொய்.

"ஃபாரத்தை நிரப்பினது நீங்கதானே" என்றேன்.
கொஞ்ச நேரம் போனில்
ஜீவரத்தினம் வீட்டு மின்விசிறி மட்டும் பேசியது.
"எல்லாருக்கும் இல்லைன்னுதான் டிக் போடுவேன்.
அப்பத்தானே பாஸாகும்."

அரசாங்க மருத்துவமனை தேதி கொடுத்திருக்கிறது:
அடுத்த ஆகஸ்ட், புதன்கிழமை.
சேமநிதியில் கை வைக்கலாம்.
மகனின் பாலிடெக்னிக்கையும் சேர்த்து
அவளே ஒரு தாளில் கணக்குப் போட்டாள்,
பிறகு அதை மடித்து
ஆடும் மேசைக்காலுக்கு அண்டை கொடுத்துவிட்டாள்.

வீட்டில் கீழே விழுவதை
அவள் என்னிடம் சொல்வதில்லை.
காலால் சுவரோரம் ஒதுக்கிவைக்கிறாள்:
ஒரு கரண்டி, ஒரு துணிக்கிளிப், இரண்டு வெங்காயம்.
வேலை விட்டு வந்ததும்
உதிரி பொறுக்குகிறேன்.

இன்று மத்தியானம் பாக் ஜமால் வந்தார்.
பழைய லோரி, பாதி நிறை,
காலை மழையில் நனைந்த குலைகள்.
ஈரத்துக்கு மூன்று விழுக்காடு தட்டினேன்.
ஒருநாளும் வாய் திறக்காத மனிதர்
சன்னலுக்கு வந்து மலாயில் கேட்டார்,
மழைக்கும் நானா பொறுப்பு?

திரையைப் பார்த்துக்கொண்டே
விதி அப்படி என்றேன்.
சிரம்பானில் கேட்ட குரல்.
குளிரூட்டிக்குக் கீழே உட்கார்ந்தால்
எல்லாருக்கும் வந்துவிடும் போலிருக்கிறது.

ரசீதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
போய்விட்டார்.
லோரி இறங்கிய பிறகும்
மேடை பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை.
சக்கரங்கள் உதிர்த்துவிட்டுப் போன சேற்றுக்கு
இருபது கிலோ காட்டிக்கொண்டு நின்றது.

யார் கணக்கிலும் எழுத முடியாத
இருபது கிலோ.
பின்னால் அடுத்த லோரி
ஹார்ன் அடித்தது.